சர்க்கரை நோயாளிக்கு ஆறாவது நரம்பு முடங்கி ரெண்டாத் தெரிந்தால்: அந்த மூன்று மாதம் என்ன செய்வது?

#1 லென்ஸ்_பட்டறை

50 வயசு தாண்டின சர்க்கரைக்காரங்க பலர், ரெண்டு ரெண்டாத் தெரிய ஆரம்பிச்ச உடனே டாக்டர்கிட்ட போறதில்ல. "பவர் மாறிடுச்சு போல, செக் பண்ணிக் கொடுங்க"ன்னு நேரா ஆப்டிகல்ஸ் கடைக்குத்தான் வர்றாங்க. கடையில இருக்கிறவங்களும் பவரைப் பார்த்து புதுக் கண்ணாடி கொடுத்து அனுப்பிடறாங்க. கண்ணாடிக்குக் காசு போறது மட்டுமில்ல, நாளும் போகுது.

இன்னொரு பக்கம், டாக்டரைப் பார்த்தவங்களுக்கு "ஆறாவது நரம்பு, மூணு மாசத்துல தானா சரியாகும்"னு ஒரு வரியில பதில் கிடைக்குது. (ஆறாவது நரம்புன்னா கண்ணை வெளிப்பக்கம் திருப்புற நரம்பு.) அந்த மூணு மாசம் படி எப்படி இறங்குறது, இன்சுலின் எப்படிப் போட்டுக்கிறதுன்னு யாரும் சொல்றதில்ல.

மூணு விஷயம் இங்க பேசலாம். கடையிலேயே எப்படிப் பிரிச்சுப் பார்க்கிறது? யாரை அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்? காத்திருக்கிற காலத்துல ஒட்டு பிரிஸமா (பிம்பத்தை நகர்த்த லென்ஸ்ல ஒட்டுற பட்டகத் தாள்), ஒரு கண்ணை மறைக்கிறதா?

#2 பார்வை_அளவர்

முதல் கேள்விக்கு ஒரு உள்ளங்கை போதும். ஒரு கண்ணை மூடச் சொல்லுங்கள், பிறகு மற்றதை. எந்தக் கண்ணை மூடினாலும் இரட்டை மறைந்துவிட்டால் இரண்டு கண்களும் ஒரே இடத்தைப் பார்க்கவில்லை என்று பொருள். நரம்பு, தசை, கண்குழி, மூளை என்று தேட வேண்டிய வகை அது. ஒரு கண்ணை மூடிய பிறகும் திறந்திருக்கும் கண்ணிலேயே இரண்டாகத் தெரிந்தால் கோளாறு அந்தக் கண்ணுக்குள் இருக்கிறது. சிலிண்டர் பவர், கண்புரை, கண் வறட்சி, கூம்புக் கருவிழி, சில நேரம் விழித்திரை மேல் படரும் சவ்வு.

இரண்டாவது வகைக்கு ஊசித்துளைத் தட்டை வையுங்கள். துளை 1 மி.மீ.க்குச் சற்று மேல் இருக்கட்டும். அதன் வழியாகப் பார்க்கும்போது நிழல் உருவம் போய்விட்டால் ஒளி வரும் பாதையில்தான் பிழை. கண்ணாடியோ கண்புரை அறுவையோ அதைத் தீர்க்கும்.

கேட்கும் கேள்வியையும் மாற்ற வேண்டும். "ரெண்டாத் தெரியுதா?" என்றால் மங்கலாகத் தெரிபவரும் ஆமாம் என்பார். "ஒரு கண்ணை மூடினா ஒண்ணாயிடுதா? ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கா, மேலயும் கீழயுமா? எந்தப் பக்கம் பார்த்தா விலகுது? தூரத்துல அதிகமா, புத்தகத்துல அதிகமா?" இந்த நான்கு பதில்களில் பாதி நோய் வெளியே வந்துவிடும்.

#3 நரம்பியல்_குறிப்பு

பார்வை_அளவர் சொன்ன நான்கு கேள்விகளோடு நரம்பைப் பொருத்திக் காட்டுகிறேன்.

ஆறாவது நரம்பு ஒரே ஒரு தசையை இயக்குகிறது, கண்ணை வெளிப்புறம் இழுக்கும் தசையை. இடது ஆறாவது நரம்பு தளர்ந்தால் இடக்கண் மூக்குப் பக்கம் சாயும். பிம்பங்கள் பக்கவாட்டில் பிரியும். இடப்பக்கம் பார்த்தால் விலகல் கூடும், வலப்பக்கம் பார்த்தால் குறையும். அருகில் படிக்கும்போது இரண்டு கண்களும் உள்நோக்கித் திரும்புவது இயல்பு என்பதால் அப்போது தொல்லை குறைவு. தெருவைப் பார்த்தால் அதிகம். நோயாளி தன்னை அறியாமலே முகத்தை இடப்பக்கம் திருப்பி வைத்திருப்பார். அந்தத் தோரணையைக் கவனித்தாலே பாதிச் சந்தேகம் தீரும்.

நான்காவது நரம்பில் பிம்பம் மேலும் கீழுமாகப் பிரியும், சற்றுச் சாய்ந்தும் தெரியும். படி இறங்கும்போதும் படிக்கும்போதும் மோசம். தலையை எதிர்த் தோள் பக்கம் சாய்த்துக்கொள்வார்கள்.

மூன்றாவது நரம்பில் இமை தொங்கும், கண் கீழும் வெளியுமாக ஒதுங்கும். இங்கே கண்பாவையைப் பார்க்காமல் ஒரு நோயாளியையும் அனுப்பக் கூடாது. பாவையைச் சுருக்கும் இழைகள் அந்த நரம்பின் மேற்பரப்பில் ஓடுகின்றன. மூளைத் தமனி வீங்கி வெளியிலிருந்து அழுத்தினால் அவைதான் முதலில் பாதிக்கப்படும், பாவை விரியும். சர்க்கரையால் வரும் இரத்த ஓட்டக் குறைவு நரம்பின் நடுப்பகுதியைத் தாக்குவதால் பாவை பெரும்பாலும் தப்பிக்கும். ஆனால் "பாவை சரியாக இருக்கிறது, பயமில்லை" என்ற விதி, இமையும் அசைவும் முழுவதுமாக முடங்கியவருக்கு மட்டும்தான். அரைகுறையாக முடங்கியிருந்தால் பாவை இயல்பாக இருப்பதை நம்பாதீர்கள். அடுத்த நாளே விரியலாம். அவருக்கும் அன்றே தமனிப் படம் எடுக்க வேண்டும்.

#4 வார்டு_செவிலி

அன்னைக்கே அனுப்ப வேண்டியவங்க பட்டியலைக் கடை சுவர்ல ஒட்டி வைக்கலாம்:

- பாவை விரிஞ்சிருக்கு, இல்லன்னா இமை புதுசாத் தொங்குது
- இதுவரை வராத கடுமையான தலைவலி, வாந்தி
- பேச்சுக் குழறல், முகம் கோணல், கை கால் பலவீனம், நடையில தள்ளாட்டம்
- விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம்
- 50 வயசுக்கு மேல, நெற்றிப்பொட்டுல வலி, மெல்லும்போது தாடை வலி. தலைத் தமனி அழற்சியா இருந்தா பார்வையே போயிடும். அழற்சியைக் காட்டுற இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. சோதனைக்கு ரத்தம் எடுத்த கையோட ஸ்டீராய்டு ஆரம்பிப்பாங்க
- தலையில அடி, அதுவும் குழந்தைன்னா ரொம்பக் கவனம். கண்குழித் தளம் விரிசல்ல தசை மாட்டியிருந்தாலும் கண் வெள்ளையா, அடிபடாத மாதிரியே இருக்கும். மேல பார்க்கும்போது வாந்தியும் நாடித் துடிப்புக் குறைவும் வரும். அதுக்கு ஒன்றிரண்டு நாளுக்குள்ள அறுவை தேவைப்படும்

சர்க்கரைக்காரங்களுக்குன்னே ஒண்ணு தனியாச் சொல்லணும். சர்க்கரை தாறுமாறா இருக்கிறவருக்கு ரெண்டாத் தெரியறதோட ஒரு பக்கக் கன்ன வலி, மூக்கடைப்பு, முகம் மரத்துப் போறது, மூக்குல கருப்புப் பொருக்கு, கண் வீக்கம் இருந்தா கருப்புப் பூஞ்சையை நினைக்கணும். 2021ல கொரோனா இரண்டாம் அலையில ஊரெல்லாம் பேசினது அப்புறம் மறந்தே போச்சு. நோய் போகல. இதுல ஒரு ராத்திரி தள்ளிப் போடறதும் தப்பு. ஆம்ஃபோடெரிசின் மருந்தும், அழுகின திசுவை வெட்டி எடுக்கிறதும் சேர்ந்துதான் சிகிச்சை.

#5 கிராமப்புற_மருத்துவர்

செவிலி அவர்களின் பட்டியலில் ஒன்று சேருங்கள். தரையில் படுத்துத் தூங்கியவர் விடிகாலையில் வயிற்று வலியோடு எழுந்து, இமை தொங்கி, ரெண்டாகத் தெரிகிறது என்றால் கட்டுவிரியன் கடி என்றே வைத்துக்கொண்டு செயல்பட வேண்டும். கடித்தது தெரியாது, வலி இருக்காது, தடமும் பல நேரம் கண்ணில் படாது. அடுத்து விழுங்குவதும் மூச்சும் நிற்கும். விஷமுறிவு மருந்தும் செயற்கை சுவாசமும் உள்ள இடத்துக்கு ஓட வேண்டும். நல்லபாம்பு விஷத்துக்கு நியோஸ்டிக்மின் உதவும். கட்டுவிரியன் விஷம் நரம்பு முனையையே கெடுப்பதால் அந்த மருந்தை நம்பி உட்கார முடியாது.

#6 லென்ஸ்_பட்டறை

நன்றி டாக்டர். இதெல்லாம் எதுவும் இல்லாம, 58 வயசு, சர்க்கரையும் பி.பி.யும் உண்டு, ஒரு பக்க ஆறாவது நரம்பு மட்டும்னு வைங்க. உடனே எம்.ஆர்.ஐ. தேவையா?

#7 நரம்பியல்_குறிப்பு

இதில் நரம்பியல்காரர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. 50க்கு மேல், சர்க்கரை அல்லது இரத்த அழுத்தம், வேறு எந்த நரம்புக் குறியும் இல்லை, புற்றுநோய் வரலாறும் இல்லை என்றால் காத்திருந்து பார்க்கலாம் என்பது பழைய வழி. அப்படிக் காத்திருப்பவரை சில வாரங்களுக்கு ஒரு முறை கட்டாயம் பார்க்க வேண்டும்.

என் கருத்து: காசும் வசதியும் இருந்தால் தொடக்கத்திலேயே எடுத்துவிடுவது நல்லது. இல்லாவிட்டால் இவர்களுக்காவது விட்டுவிடக் கூடாது: 50க்குக் கீழ் வயது, இரண்டு பக்கமும் பாதிப்பு, இரண்டாவதாக இன்னொரு நரம்பும் சேர்ந்தவர், முன்பு புற்றுநோய் இருந்தவர், நாளுக்கு நாள் மோசமாகிறவர், மூன்று மாதம் ஆகியும் குறையாதவர். இரண்டு பக்க ஆறாவது நரம்பு என்றால் கண்ணுக்குள் பார்வை நரம்புத் தலையில் வீக்கம் உண்டா என்று அன்றே பார்க்க வேண்டும். மண்டைக்குள் அழுத்தம் கூடினால் ஆறாவது நரம்பு முடங்கும். கட்டி எங்கே இருந்தாலும் அப்படி நடக்கலாம்.

புருவத்தின் மேல் சில நாள் வலி இருப்பது சர்க்கரையால் வரும் முடக்கத்திலும் உண்டு. அதை மட்டும் வைத்துப் பயப்படவும் வேண்டாம், அது இருப்பதால் சர்க்கரைதான் என்று முடிவு கட்டவும் வேண்டாம்.

காலையில் சரியாக இருந்து மாலையில் ரெண்டாகத் தெரிந்தால், ஒரு நாள் வலக்கண், ஒரு நாள் இடக்கண் என்று மாறினால், மையஸ்தீனியாவை (தசைகள் சீக்கிரம் சோர்ந்துபோகும் நோய்) நினையுங்கள். அது எந்த நரம்பு முடக்கத்தைப் போலவும் வேஷம் போடும், பாவையை மட்டும் தொடாது. ஒரு நிமிடத்துக்கு மேல் மேலேயே பார்க்கச் சொன்னால் இமை மெல்ல இறங்கும். துணியில் சுற்றிய பனிக்கட்டியை மூடிய இமை மேல் 2 நிமிடம் வைத்து எடுத்தால் தொங்கிய இமை 2 மி.மீ. அல்லது அதற்கு மேல் உயரும். இரத்தப் பரிசோதனை எதிர்மறையாக வந்தாலும் நோய் இல்லை என்று சொல்ல முடியாது; கண்ணோடு நிற்கும் மையஸ்தீனியாவில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு எதிர்ப்பொருள் தென்படாது. உறுதியானவுடன் நெஞ்சு சி.டி. எடுத்து தைமஸ் சுரப்பியைப் பார்ப்பார்கள்.

#8 சர்க்கரை_மருத்துவம்

சிகிச்சை என்ற பெயரில் நடப்பதைப் பற்றி இரண்டு வார்த்தை. இந்த முடக்கத்துக்கு ஸ்டீராய்டு மாத்திரை தேவையில்லை. கொடுத்தால் சர்க்கரைதான் ஏறும். நரம்பு ஊசி என்று மெத்தில்கோபாலமின் (பி12இன் ஒரு வடிவம்) தொடர்ந்து போடுகிறார்கள். முடங்கிய கண் நரம்பை அது விரைவாக மீட்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. பெரும்பாலானவர்களுக்கு மூன்று மாதத்தில் தானாகவே மீளும், சிலருக்கு ஆறு மாதம் வரை இழுக்கும். அந்தப் புகழ் ஊசிக்குப் போய்விடுகிறது. மெட்ஃபார்மின் நெடுநாள் எடுப்பவருக்கு பி12 குறையும் என்பது உண்மை. குறைவு இருக்கிறதா என்று சோதித்துக் கொடுங்கள், அது வேறு கணக்கு.

எச்.பி.ஏ.1.சி. (சுமார் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி), இரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றையும் ஒழுங்குக்குக் கொண்டுவர வேண்டும். சர்க்கரையைக் குறைத்தால் கண் சீக்கிரம் நேராகும் என்று ஆசை காட்டாதீர்கள். அடுத்த முடக்கத்தையும் பக்கவாதத்தையும் தடுக்கத்தான் அந்த வேலை.

இன்சுலின் விஷயம் மிக முக்கியம். ரெண்டாகத் தெரியும்போது சிரிஞ்சின் கோடுகளும் ரெண்டாகும், மருந்தளவு தவறும். ஏற்றுவதற்கு முன் ஒரு கண்ணை மறைத்தே ஆக வேண்டும். 40 யூனிட் குப்பிக்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச், 100 யூனிட் குப்பிக்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்ச். மாற்றிப் போட்டால் அளவு இரண்டரை மடங்கு பிசகும். அந்த மூன்று மாதத்துக்காவது வீட்டில் இன்னொருவர் சரிபார்க்கட்டும், அல்லது கிளிக் சத்தத்தை எண்ணிப் போடும் பேனாவுக்கு மாறட்டும்.

#9 மாறுகண்_மேசை

இப்போது இந்த இழையின் நடு விஷயத்துக்கு வரலாம். காத்திருக்கும் காலம் வெறும் காலம் இல்லை. நோயாளிக்கு அன்றைக்கே ஒற்றைப் பார்வை கொடுக்க முடியும்.

மறைப்பு மலிவு, உடனே கிடைக்கும், எந்த அளவு விலகலுக்கும் வேலை செய்யும். பெரியவர்களுக்கு எந்தக் கண்ணை மறைத்தாலும் கண் கெடாது. முடங்கிய கண்ணை மறைத்தால் பொருள் இருக்கும் இடம் சரியாகப் பிடிபடும், தலைசுற்றலும் குறையும். பகல் முழுக்க கருப்புப் பட்டை வேண்டாம்; கண்ணாடியின் உட்புறத்தில் மங்கலான ஒட்டுநாடாவை ஒட்டினால் போதும், வெளியாருக்கும் அவ்வளவாகத் தெரியாது. இடது ஆறாவது நரம்பில் நேர்ப் பார்வை சேர்ந்து, இடப்பக்கம் மட்டும் பிரிகிறது என்றால், இடது லென்ஸின் காதுப்பக்க ஓரத்தில் மட்டும் நாடாவை ஒட்டுங்கள். நடுவில் இரண்டு கண் பார்வையும் அப்படியே இருக்கும். இதை ஏன் இவ்வளவு பேர் செய்வதில்லை என்பது புரியவில்லை, ஐந்து நிமிட வேலை.

பார்வை வளர்ந்துகொண்டிருக்கும் சிறு குழந்தைக்கு மட்டும் ஒரே கண்ணை நாள்கணக்கில் மறைக்கக் கூடாது, சோம்பல் கண் வரும்.

மறைப்பின் விலை ஆழ உணர்வும் பக்கப் பார்வையும். மறைத்த பக்கம் ஓரப் பார்வையில் 30 பாகைக்கு மேல் போய்விடும். பைக், ஸ்கூட்டர், கார் எதுவும் ஓட்டக் கூடாது. படியில் கைப்பிடியைத் தொட்டு இறங்கச் சொல்லுங்கள்; கடைசிப் படி விளிம்பில் வெள்ளை நாடா ஒட்டலாம். சுடுநீர், காபி ஊற்றும்போது பாத்திரத்தின் மூக்கு டம்ளர் விளிம்பைத் தொடட்டும்.

#10 லென்ஸ்_பட்டறை

அக்கா, ஒட்டு பிரிஸம் பத்தியும் சொல்லுங்க. 20 பிரிஸம் டயாப்டர் (பிரிஸத்தோட வலிமையைச் சொல்ற அளவு) ஒட்டிக் கொடுத்தா எழுத்து மங்குதுன்னு திருப்பிக் கொண்டு வந்துடறாங்க.

#11 மாறுகண்_மேசை

தம்பி, 20 போட்டால் மங்கத்தான் செய்யும். ஃப்ரெனெல் தாளில் (ஒட்டு பிரிஸம் என்பது இதுதான்) வரி வரியாகச் சின்னப் பட்டகங்கள். 15க்கு மேல் போகப் போக ஒளி சிதறும், கறுப்பு வெள்ளை வேறுபாடு குறையும். அதை முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தால் திரும்ப வரமாட்டார்கள். அதனால்தான் ஒரே கண்ணில், முடங்கிய கண் பக்கம் ஒட்டுகிறோம். தெளிவு நல்ல கண்ணில் இருக்கும்.

ஏன் லென்ஸிலேயே தேய்த்த பிரிஸம் கூடாது என்று கேட்பார்கள். சாதாரண 1.5 ஒளிவிலகல் லென்ஸில், 50 மி.மீ. அகலத்துக்கு, ஒரு பிரிஸம் டயாப்டருக்கு அடிப்பக்கம் 1 மி.மீ. தடிக்கும். 20 என்றால் 20 மி.மீ. யாராலும் போட முடியாது. தாள் எந்த அளவிலும் சுமார் 1 மி.மீ. தான். நரம்பு மீளும்போது அளவு வாரத்துக்கு வாரம் குறையும். தாளை உரித்து மாற்றலாம். அளவு நிலைத்து, 10க்குள் நின்றால் இரண்டு லென்ஸுக்கும் பங்கிட்டுத் தேய்த்துக் கொடுக்கலாம்.

அளப்பதில் நடக்கும் தவறு: நோயாளி முடங்கிய கண்ணால் குறியைப் பார்த்தால் விலகல் பெரிதாக அளவாகும், நல்ல கண்ணால் பார்த்தால் சிறிதாக. மூளை இரண்டு கண்ணுக்கும் ஒரே அளவு ஆணை அனுப்புவதுதான் காரணம். நல்ல கண் குறியில் இருக்க, பிரிஸத்தை முடங்கிய கண் முன் வைத்து, 6 மீட்டரில் அளக்க வேண்டும். பிறகு முழு அளவைப் போடாமல், கீழிருந்து ஏற்றி, பிம்பம் சேர்ந்து சில நிமிடம் சேர்ந்தே நிற்கும் மிகக் குறைந்த அளவைக் கொடுங்கள். கண் உள்ளே சாய்ந்திருந்தால் பிரிஸத்தின் அடி காதுப் பக்கம். வெளியே சாய்ந்திருந்தால் அடி மூக்குப் பக்கம். மேலே ஏறிய கண்ணுக்கு அடி கீழே.

ஒட்டும் வேலை:

1. ஃப்ரேமின் லென்ஸைக் கழற்றி, அதைத் தாளின் மேல் வைத்து வரையவும். அடி எந்தப் பக்கம் என்று வெட்டும் முன்பே பேனாவால் குறிக்கவும். வெட்டிய பிறகு தேடினால் தலைகீழாக ஒட்டுவீர்கள்.
2. கோட்டுக்குச் சற்று உள்ளே வெட்டவும். விளிம்பு ஃப்ரேமில் இடித்தால் தாள் தூக்கும்.
3. லென்ஸின் உட்புறத்தில், வழவழப்பான பக்கம் லென்ஸை நோக்கி, வரிகள் கண்ணை நோக்கி இருக்க வேண்டும்.
4. இரண்டையும் வெதுவெதுப்பான தண்ணீருக்குள் முழுக்கியபடியே ஒட்டி, நடுவிலிருந்து வெளிப்பக்கம் விரலால் தள்ளிக் குமிழியை எடுக்கவும். தண்ணீருக்கு வெளியே ஒட்டுவதால்தான் குமிழி வருகிறது.
5. ஒரு நாள் காயவிடவும். அதுவரை லென்ஸைத் துடைக்கக் கூடாது.

பிறகு மெல்லிய பிரஷ், லேசான சோப்புத் தண்ணீர் போதும். துணியால் தேய்த்தால் வரிகளுக்குள் அழுக்கு இறங்கும்.

#12 பார்வை_அளவர்

இதோடு ஒன்று: நரம்பே காரணமில்லாமல் கண்ணாடியே ரெட்டையை உண்டாக்கும். லென்ஸின் மையம் கண்ணுக்கு நேரே இல்லாவிட்டால் அது பிரிஸமாகிவிடும். 8 பவர் லென்ஸ் ஒன்று 4 மி.மீ. மேலே ஏறிப் பொருந்தினால் 3.2 பிரிஸம் டயாப்டர் மேல்கீழ் விலகல் சேரும். பக்கவாட்டில் கண் சமாளிக்கும். மேல்கீழாக இரண்டு மூன்றுக்கு மேல் பலரால் சேர்க்க முடியாது. புதுக் கண்ணாடி போட்ட நாளிலிருந்துதான் ரெண்டாகத் தெரிகிறது, கழற்றினால் சரியாகிறது என்றால், மையக் குறிகளை முதலில் சரிபாருங்கள். ஒரு கண்ணில் மட்டும் புரை அறுவை முடிந்து இரண்டு கண் பவருக்கும் பெரிய வித்தியாசம் இருப்பவர் படிக்கும்போது ரெண்டாகத் தெரிகிறது என்பதும் இதே கணக்குதான்.

#13 புதிய_உறுப்பினர்

கண் பயிற்சி செய்தால் நரம்பு சீக்கிரம் சரியாகும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். பென்சிலை மூக்கருகே கொண்டுவரும் பயிற்சி. இதற்கு உதவுமா?

#14 மாறுகண்_மேசை

ஆறாவது நரம்புக்கு உதவாது, எதிர்த் திசை வேலை அது. பென்சிலை மூக்கருகே கொண்டுவந்தால் கண்கள் உள்நோக்கித் திரும்பும். இங்கே கண் ஏற்கனவே உள்ளேதான் சாய்ந்திருக்கிறது. மின்சாரம் வராத விளக்கின் ஸ்விட்சை எத்தனை முறை தட்டினாலும் எரியாது.

அந்தப் பயிற்சிக்கு உரிய இடம் வேறு. படிக்கும்போது மட்டும் எழுத்து ரெண்டாகி, தலைவலி வரும் மாணவர்களுக்குக் கண்கள் உள்ளே திரும்பும் திறன் குறைந்திருக்கும். அங்கேயும் வெறும் பென்சில் போதாது. 2008இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 9 முதல் 17 வயது வரையான 221 பேரில், 12 வாரம் மருத்துவமனையில் வாரம் ஒரு மணி நேரம் பயிற்சியும் வீட்டுப் பயிற்சியும் சேர்ந்து செய்தவர்களில் 73 சதவீதம் பேர் தேறினார்கள். வீட்டில் பென்சில் மட்டும் செய்தவர்களில் 43 சதவீதம்.

#15 மாறுகண்_அறுவை

மூன்று மாதம் தாண்டியும் மீளாதவர்களுக்கு என்ன என்று யாரும் எழுதவில்லை, அதைச் சேர்க்கிறேன்.

இடைக்காலத்தில் போட்டுலினம் ஊசி (தசையைத் தற்காலிகமாகத் தளர்த்தும் மருந்து) ஒரு வழி. முடங்கிய தசைக்கு எதிராக இழுக்கும் உட்புறத் தசையில், 2.5 யூனிட் போல, போடப்படும். இரண்டு மூன்று நாளில் வேலை தொடங்கி, இரண்டு வாரத்தில் உச்சத்துக்கு வந்து, சுமார் மூன்று மாதத்தில் தேயும். உட்புறத் தசை சுருங்கி இறுகிப் போகாமல் தடுப்பது இதன் நோக்கம். இமை சில வாரம் தொங்கலாம் என்று முன்பே சொல்லிவிட வேண்டும்.

அறுவைக்கு ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும், அடுத்தடுத்த அளவீடுகள் மாறாமலும் இருக்க வேண்டும். மாறிக்கொண்டிருக்கும் கண்ணில் கத்தி வைத்தால் இன்று நேராக்கியது நாளை மறுபக்கம் சாயும். முடங்கிய தசையில் கொஞ்சம் வலு மிஞ்சியிருந்தால் உட்புறத் தசையைப் பின்னே தள்ளி, வெளிப்புறத் தசையைச் சுருக்குவோம். கண் நடுக்கோட்டைத் தாண்டவே இல்லை என்றால் மேல், கீழ்த் தசைகளை வெளிப்பக்கம் இடம் மாற்ற வேண்டும். ஒரே கண்ணில் இரண்டுக்கு மேற்பட்ட நேர்த்தசைகளை வெட்டினால் கண்ணின் முன்பகுதிக்கு இரத்தம் குறையும் ஆபத்து உண்டு. சர்க்கரைக்காரருக்கு அதைக் கூடுதலாக எண்ணிப் பார்க்க வேண்டும். இழுத்துத் திருத்தும் முடிச்சு போட்டால் நோயாளி விழித்தபின், அன்றோ மறுநாளோ, அவர் சொல்லச் சொல்ல அளவைத் திருத்தலாம்.

அறுவையால் எல்லாப் பக்கமும் ஒற்றைப் பார்வை வரும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. நேரே பார்க்கும்போதும் கீழே படிக்கும்போதும் ஒன்றாகத் தெரிந்தால் அதுவே வெற்றி.

தைராய்டு கண்ணோயால் ரெண்டாகத் தெரிபவருக்கு அறுவைகளின் வரிசை வேறு: கண்குழி அறுவை தேவையென்றால் அது முதலில், பிறகு மாறுகண், கடைசியில் இமை. புகைபிடிப்பதை நிறுத்தாதவருக்கு எல்லாமே தள்ளிப்போகும்.

#16 லென்ஸ்_பட்டறை

எல்லாருக்கும் நன்றி. கடைசியா ஒரு சந்தேகம். ஒட்டின தாளை எப்போ குறைக்கணும்?

#17 மாறுகண்_மேசை

மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை அளந்து பாருங்கள். "முன்னெல்லாம் கண்ணாடி போட்டா ஒண்ணாத் தெரிஞ்சது, இப்ப போட்டாத்தான் ரெண்டாகுது" என்று வந்தால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் நரம்பு மீண்டு பிரிஸம் அதிகமாகிவிட்டது என்பதுதான். தாளைக் கழற்றி அளந்தால் தெரிந்துவிடும். அளவு கூடியிருந்தால் அன்றே நரம்பியல் மருத்துவரிடம் அனுப்புங்கள். குறைந்திருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துத் தாளை உரித்து, குறைந்த அளவை ஒட்டுங்கள். உரித்த தாளைத் தூக்கிப் போட வேண்டாம்; அளவும் அடிப்பக்கமும் எழுதி அவரிடமே கொடுத்துவிடுங்கள். அதே கண்ணாடியில் திரும்ப ஒட்டலாம்.